படித்துக் காட்டாத பதினெட்டுப் பக்கம்

சைராகானுக்குக் கண் முழுதாகப் போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்று புருல் கடைக்குப் போய்த் தேன் கேக் ஒன்று வாங்கி வந்தாள். தேநீர் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து, அதில் பாதியைத் தின்றாள். மீதியை மூடி வைக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தூர எறியவில்லை. மறுநாள் காலை அதையும் தின்று முடித்தாள்.

சைராகான் அவளுடைய நாத்தனார். செத்துப்போன கணவன் தொக்தொசுனுக்கு மூத்தவள், எழுபத்தெட்டு வயது. கிர்கிஸ் ஊரான பாலிக்சியில் ஏரிக்கரையை ஒட்டிய அதே தெருவில், நான்கு வீடு தள்ளி இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் புருல் அவள் வீட்டுக்குக் கல்யாணம், சாவு தவிர வேறெதற்கும் போனதில்லை. போனாலும் முன்னறையில் உட்காரமாட்டாள். அங்கே அந்தக் கண்ணாடி அலமாரி இருந்தது.

புருல் இளவயதில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். ஒரு நிலக்கரிப் படகை இறக்கி முடித்து அடுத்தது கரைக்கு வரும்வரை கிரேன் கூண்டிலேயே உட்கார்ந்து படிப்பாள். சில நாள் படகு வந்து நின்றதுகூடத் தெரியாது. கீழே நிற்கிற ஆண்கள் கையைக் குவித்து, கதை முடிந்ததா, சரக்கை இறக்கலாமா என்று கத்துவார்கள். அந்தக் காலத்தில் நல்ல புத்தகம் கடையில் கிடைக்காது. இருபது கிலோ பழைய காகிதம் கொண்டுபோய்ப் போட்டால் ஒரு சீட்டு தருவார்கள். சீட்டைக் காட்டினால் ஒரு புத்தகம். அதற்காகப் புருல் ஊரையே சுரண்டினாள். துறைமுக அலுவலகத்தின் பழைய படிவங்கள், பள்ளிக்கூடத்துத் தேர்வுத்தாள்கள், பக்கத்து வீடுகளின் செய்தித்தாள், சிமெண்ட் பை. குளிர்காலத்தில் பிள்ளைகளின் சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துப் போவாள். பதினைந்து வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகம் சேர்ந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த தொக்தொசுன் அதற்கென்று தலைநகரிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றை, கம்பளியில் சுற்றி, ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து கொடுத்தான்.

தொண்ணூற்று நான்காம் வருஷக் குளிர்காலத்தில் புருலின் தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்தது. தாயின் ஊரான கொச்கோருக்குப் போய் ஏழு வாரம் கூடவே இருந்தாள். தொக்தொசுன் சைபீரியாவில் லாரியோடு மாட்டிக்கொண்டிருந்தான். எட்டு வயது எர்மெக்கையும் ஆறு வயது மீரிமையும் பார்த்துக்கொள்ள சைராகான் வீட்டோடு வந்து தங்கினாள். புருல் திரும்பி வந்தபோது பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

சைராகான் ஒரு கதை வைத்திருந்தாள். நிலக்கரி தீர்ந்துவிட்டதாம், பிள்ளைகள் இரவெல்லாம் இருமினார்களாம், வேறு வழியில்லாமல் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டு இரண்டு உயிரையும் காப்பாற்றினாளாம். காலியான அலமாரி எதற்கு என்று தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாளாம்.

புருல் அதை இரண்டு நாள் நம்பினாள். மூன்றாம் நாள் சந்தையில் சூரியகாந்தி விதை விற்கிறவளிடம் மீரிமுக்கு ஒரு பொட்டலம் வாங்கினாள். பொட்டலத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை. கிரேன் நெம்புகோலின் மசகெண்ணெய் அது. அவளுடைய விரல் தடம் அது. கொச்கோருக்குக் கிளம்புமுன் பாதியில் விட்டு வைத்திருந்த நாவலின் பக்கம். விதைக்காரியை விசாரித்தாள். ஒரு பெரியம்மா தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொடுத்ததாகவும், பதிலுக்கு இரண்டு மூட்டை விதை வாங்கிப் போனதாகவும், அட்டை பொட்டலத்துக்கு ஆகாது என்று தான் சொன்னதால் அட்டைகளை மட்டும் கிழித்துத் திரும்ப எடுத்துப் போனதாகவும் அவள் சொன்னாள். வீட்டுக் கொட்டகையைத் திறந்து பார்த்தால் நிலக்கரி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. சைராகான் வீட்டு முன்னறையில் அலமாரி நிறையப் பொன்விளிம்பு வைத்த தேநீர்க் கோப்பைகள். அவள் மகள் சினாராவுக்கு அந்த வசந்தத்தில் கல்யாணம்.

யாரிடம் சொல்லி என்ன? அடுப்பில் அட்டைகள் எரிந்ததைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அத்தை எங்களைக் காப்பாற்றினாள் என்று அவர்களே சொன்னார்கள். தொக்தொசுன் ஊர் திரும்பி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "புள்ளைங்க உசுரை விடக் காகிதம் பெருசாப் போச்சா உனக்கு?" என்றான். கொட்டகை நிலக்கரியைப் பற்றிச் சொன்னாள். அது பிறகு வந்ததாம், அக்கா சொன்னாளாம். சாகிறவரை அவன் அதையே நம்பினான். கல்யாண வீடுகளில், சாவு வீடுகளில், சொந்தக்காரர்கள் சைராகானைத் நடுநாயகமாக உட்காரவைத்து அந்தக் குளிர்காலக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். புருல் பரிமாறிக்கொண்டிருப்பாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் படிப்பு ஓடவில்லை. சபதம் ஒன்றும் போடவில்லை. எடுத்துப் பார்க்கத்தான் செய்தாள். முதல் பக்கம் போகும். இரண்டாம் பக்கத்தில் எழுத்தெல்லாம் எறும்பு வரிசை மாதிரி ஆகிவிடும், பொருள் ஏறாது. துறைமுகம் மூடிப்போன பிறகு நேரம் கொட்டிக் கிடந்தது, அப்போதும் முடியவில்லை. மின்சார பில்லும் மருந்து டப்பாவும்தான் அவள் படிப்பு. ஒரு பிறந்தநாளுக்கு மீரிம் தலைநகரிலிருந்து அழகான புத்தகம் ஒன்று வாங்கி வந்தாள். ஏரிக்காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவுக்கு அதை முட்டுக் கொடுத்தாள் புருல்.

கேக் தின்று ஒரு மாதம் கழித்து, அக்டோபரில், தொலைபேசி அடித்தது.

"கிரேன்காரி, நான்தான்," என்றாள் சைராகான். "எனக்குப் பொழுதே போகமாட்டேங்குது. டிவியில சத்தம்தான் கேக்குது, எவ எவளை அறையிறான்னு தெரியல. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரி ஒரு கதை படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் இருந்துச்சு. உனக்குத்தான் அந்த வியாதி உண்டே. நாலு மணிக்கு வந்து எதையாவது படி."

இவ்வளவு நெஞ்சழுத்தம் ஒரு பிறவிக்கு எங்கிருந்து வரும் என்று புருல் நினைத்தாள். வைத்துவிடத்தான் போனாள். வைப்பதற்குள் அந்த யோசனை முழுசாக, கை கால் முளைத்து வந்து நின்றது. கிழவிக்கு ஒரு கதை படித்துக் காட்டுவது. நன்றாக, உருகி உருகிப் படித்துக் காட்டுவது. அவள் அதிலேயே விழுந்து கிடக்கும்போது, முடிவுக்கு முன்னால் நிறுத்திவிடுவது. பாதியில் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும்.

"வர்றேன்கா," என்றாள்.

நூலகத்தில் தடிமனைப் பார்த்துத்தான் எடுத்தாள். பழைய நாவல். மலைக் கணவாயில் பாதை அளக்கப் போன ஏழு பேர் பனியில் மாட்டிக்கொள்கிறார்கள். வசந்தம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அளந்து வைத்த ரொட்டி தினமும் கொஞ்சம் குறைகிறது. யாரோ ஒருவர் திருடுகிறார். துர்கான் என்ற தட்டச்சுக்காரப் பெண் மேல் பழி விழுகிறது.

முதல் நாள் சைராகானின் முன்னறையில், அந்த அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்து படித்தாள். வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தடுக்கித் தடுக்கிப் போனாள். ஐந்து பக்கத்தில் சைராகான் கையைத் தூக்கினாள்.

"பொணத்துக்கு ஓதுற மாதிரி ஓதாதேடி. நான் இன்னும் சாகல."

சொன்னது சரிதான். இப்படிப் படித்தால் கிழவி எந்தக் காலத்தில் மயங்குவது? அதனால் மறுநாள் காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு, அன்றைய பகுதியை வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்தினால் சைராகான் துடிப்பாள் என்று ஓரத்தில் பென்சிலால் மெலிதாகப் புள்ளி வைத்தாள். கத்தி தீட்டுகிறவளின் பொறுமை அவளுக்கு வந்திருந்தது.

இரண்டு வாரத்தில் சைராகான் விழுந்துவிட்டாள். மூன்றரை மணிக்கே முகம் கழுவி, தலைத்துணியை மாற்றிக் கட்டி, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக் காத்திருப்பாள். தேநீர், பொரித்த மாவுத் துண்டு, ஆப்ரிகாட் ஜாம் எல்லாம் பக்கத்து வீட்டு ரஷ்யக்காரி கிளாவாவைக் கொண்டு தயாராக வைத்திருப்பாள். படிக்கும்போது குறுக்கே பேசுவாள். சமையல்காரனை முதல் நாளிலிருந்தே சந்தேகித்தாள். அவன் கன்னம் மட்டும் எப்படி வற்றாமல் இருக்கிறது என்று கேட்டாள். குழுவோடு வந்திருந்த வயதான டாக்டரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. டாக்டர் தன் பங்கு ரொட்டியில் பாதியைக் காய்ச்சல்காரனுக்கு ஊட்டுகிற இடத்தில் அவளுடைய பார்வையில்லாத கண்ணிலிருந்து நீர் வடிந்தது. இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். புருல் படித்தாள். உள்ளுக்குள் ஒரு குளிர்ந்த சந்தோஷம் அவளுக்கு.

நவம்பரில் ஒரு நாள் காலை, அன்றைய பகுதி முடிந்த இடத்தில் பென்சில் புள்ளி வைத்துவிட்டு, புருல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும் திருப்பினாள். வாணலியில் போட்ட மீன் கரிந்து வீடெல்லாம் புகை சூழ்ந்த பிறகுதான் எழுந்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றபோது விஷயம் உறைத்தது. அவள் படித்திருக்கிறாள். ஒரு மணி நேரமாக, யாருக்காகவும் இல்லாமல்.

அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. கோபம்தான் வந்தது. பிடுங்கிக்கொண்டு போனவளே திரும்பக் கொடுத்துவிட்டுப் போவதா? நன்றி வேறு சொல்ல வேண்டுமா? கரிந்த மீனைக் குப்பையில் கொட்டிவிட்டு, அன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு பக்கம் குறைவாகப் படித்தாள். ஆனால் அடுத்த நாள் காலை அடுப்பைப் பற்றவைக்காமலே புத்தகத்தைத் திறந்தாள்.

டிசம்பர் பாதியில் ஒரு முற்பகலில் கடைசிப் பதினெட்டுப் பக்கத்தையும் வீட்டில் படித்து முடித்தாள். ரொட்டியைத் திருடியது அந்த டாக்டர். தன் பங்கில் பாதியை எல்லார் கண் முன்னாலும் ஊட்டிவிட்டு, அதைப் போல இரண்டு மடங்கு திருடிப் பனிக்குள் புதைத்து வைத்திருந்தார், தனியாகத் தப்பிப் போக. எல்லாரும் அவரைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். துர்கானைக் கூடாரத்துக்கு வெளியே படுக்க வைத்தார்கள்.

புருல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முடித்த முதல் புத்தகம். கதையை நினைத்து அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். அழுது முடித்ததும் முதலில் போட்ட திட்டம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. வெறுமனே நிறுத்தினால் போதாது. விலை ஒன்று கேட்க வேண்டும்.

அன்று நாலு மணிக்கு அவள் படித்த படிப்பு மாதிரி அதற்கு முன்னால் படித்ததில்லை. குழுத்தலைவன் ஏழு பேரையும் பனியில் வரிசையாக நிறுத்துகிறான். மூட்டைகளை அவிழ்க்கச் சொல்கிறான். துர்கான் குளிரில் நீலம் பாரித்த கையால் தன் மூட்டையை அவிழ்க்கிறாள். அதில் எதுவுமில்லை. தலைவன் அடுத்த ஆளிடம் திரும்புகிறான். புருல் புத்தகத்தை மூடினாள்.

"ம்," என்றாள் சைராகான். "அப்புறம்?"

"இன்னும் பதினெட்டுப் பக்கம்தான்கா இருக்கு. நான் படிக்கப் போறதில்ல."

சைராகான் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். தொண்டை வலித்தால் தேநீர் குடி என்றாள். புருல் நிதானமாகச் சொன்னாள். ஜனவரிக் கடைசியில் தொக்தொசுனின் நினைவுநாள் வருகிறது. ஆடு அறுத்து, குரான் ஓதி, சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்கும். அங்கே, எர்மெக்கும் மீரிமும் இருக்கும்போது, அந்தக் குளிர்காலத்தில் நடந்ததை நடந்தபடி சைராகான் சொல்ல வேண்டும். விதைக்காரி, அலமாரி, கொட்டகை நிலக்கரி, எல்லாம். சொன்ன மறுநாள் பதினெட்டுப் பக்கமும் படிக்கப்படும்.

சைராகானின் முகம் சிவந்தது. "ஒரு கதைக்காக என் தம்பி நினைவுநாள்ல என் மானத்தை வாங்குவியா?"

"ஒரு கதைக்கு இல்லக்கா, முந்நூத்திப் பன்னிரண்டு கதைக்கு."

"போடி வெளியில."

புருல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

கிழவி லேசுப்பட்டவள் இல்லை. மறுநாளே கிளாவாவை நூலகத்துக்கு அனுப்பினாள். அங்கே இருந்தது ஒரே பிரதி, அது புருல் பேரில் இருந்தது. புருல் வாரா வாரம் போய்க் கெடுவை நீட்டித்து வந்தாள். தலைநகரில் சினாரா பழைய புத்தகக் கடையெல்லாம் ஏறி இறங்கினாள், இணையத்தில் தேடினாள். பேர் கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை. சைராகான் ஊரில் வயசான வாத்தியார்களுக்கெல்லாம் தொலைபேசி செய்து, இப்படி ஒரு கதை, பனி, ரொட்டி, படித்திருக்கிறீர்களா என்று விசாரித்தாள். ஒருவர் படித்திருந்தார், ஆனால் முடிவை மறந்துபோயிருந்தார். அவரை அவள் திட்டிய திட்டு தெரு முழுக்கப் பரவியது.

பிறகு தூது வரத் தொடங்கியது. கிளாவா முற்றத்துக் கதவில் நின்றுகொண்டு, கொஞ்சம் சங்கடத்தோடு கேட்பாள். "சமையல்காரனான்னு கேக்கச் சொன்னாங்க. தலையை மட்டும் ஆட்டினா போதுமாம்." புருல் தலையை ஆட்டமாட்டாள். மறுநாள், "தலைவனேதானான்னு கேக்கறாங்க." அதற்கும் பதில் இல்லை. ஒரு நாள் கிளாவா தன் சொந்தக் கேள்வியாகவே கேட்டாள், அந்தப் பெண் துர்கான் பிழைத்தாளா என்று. சைராகான் அவளுக்கு முழுக்கதையும் சொல்லியிருந்தாள், அவளுக்கும் இப்போது தூக்கம் வரவில்லையாம். புருல் அவளை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள். முடிவை மட்டும் கொடுக்கவில்லை.

அந்த ஆறு வாரமும் புருல் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். நூலகத்திலிருந்து வேறு இரண்டு புத்தகம் எடுத்தாள். ஒன்று பிடிக்காமல் பாதியில் போட்டாள். இன்னொன்றை மூன்று நாளில் முடித்தாள்.

நினைவுநாளன்று காலை காற்று தணிந்திருந்தது. எர்மெக் ஆட்டை அறுத்து முடித்திருந்தான். மீரிம் முந்தின நாளே தலைநகரிலிருந்து வந்துவிட்டாள். இருபது பேர்போலப் புருல் வீட்டு முன்னறையில் துணி விரித்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். கிளாவாவின் கையைப் பிடித்துக்கொண்டு சைராகான் வந்து, வழக்கம்போல நடுநாயகமாக உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்துப் புருலால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓதி முடிந்தது. கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள். இறைச்சித் தட்டுகள் வந்தன. அப்போது சைராகான் தொண்டையைக் கனைத்தாள்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் வாய் நெறைஞ்சிடும்," என்றாள். "அந்தக் குளிர்காலத்துல புருலோட புத்தகத்தை எரிச்சுப் புள்ளைங்களைக் காப்பாத்தினேன்னு இத்தனை வருஷமாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்ல. எரிச்சது அட்டையைத்தான். உள்ள இருந்ததைச் சந்தையில விதைக்காரிகிட்டக் கொடுத்துட்டேன். நிலக்கரி கொட்டகையில கெடந்துச்சு, மார்ச் வரைக்கும் வந்துச்சு. எனக்கு அந்தக் கண்ணாடி அலமாரி வேண்டியிருந்துச்சு. சினாரா கல்யாணத்துக்கு. அவ்வளவுதான். என் தம்பிகிட்டயும் பொய்தான் சொன்னேன். கேட்காதவங்க பக்கத்துல கேட்டுக்குங்க, ரெண்டாந்தடவை சொல்லமாட்டேன்."

யாரோ ஒரு கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. புருல் வாசற்படியில் தட்டோடு நின்றாள். இந்த நிமிஷத்தை அவள் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அதில் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். சைராகானை நோக்கிக் கை நீட்டுவார்கள். யாராவது புருலிடம் வந்து தலைகுனிவார்கள்.

எர்மெக் சிரித்துவிட்டான். "அடேயப்பா, பெரிய ஆள்தான் அத்தை நீங்க," என்றான். பிறகு தாயைப் பார்த்து, "சரி விடும்மா, எந்தக் காலத்துக் கதை," என்று எலும்பை எடுத்தான். கிழவர் ஒருவர் அந்த வருஷம் நிலக்கரிக்கு எவ்வளவு கஷ்டம் என்று பேச ஆரம்பித்தார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

புருல் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வாய் கசந்தது. கொஞ்ச நேரத்தில் மீரிம் வந்தாள்.

"ஏம்மா எங்ககிட்ட அப்பவே சொல்லல?"

"சொன்னேன். ஒரு தடவையா ரெண்டு தடவையா?"

மீரிமுக்கு முகம் வெளுத்தது. பதினைந்து வயதில் ஒரு சண்டையில் அவள் தாயிடம், நீயா இருந்திருந்தா புத்தகத்தைக் காப்பாத்திட்டு எங்களைச் சாகவிட்டிருப்பே என்று கத்தியிருந்தாள். புருல் அதை மறந்திருக்கவில்லை. இப்போது மீரிமும் மறக்கவில்லை என்று தெரிந்தது. அவள் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, தாய்க்குப் பக்கத்தில் நின்று, விருந்து முடிகிறவரை ஒவ்வொரு தட்டாகக் கழுவினாள். புருலுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அது குறைவில்லை என்று பிற்பாடு தோன்றியது.

மறுநாள் நாலு மணிக்குப் போனாள். சைராகான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூலையில் கிளாவாவும் உட்கார்ந்திருந்தாள், கூப்பிடாமலே வந்து. புருலுக்கு வழியில் ஒரு ஆசை வந்திருந்தது: முடிவை மாற்றிப் படித்தால் என்ன? துர்கான்தான் திருடி, பனியில் செத்துப்போனாள் என்று சொன்னால் இந்தக் குருட்டுக் கிழவிக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்தும் பார்த்தாள். நாக்கு எழவில்லை. கிழவிக்குச் செய்யலாம், எழுதினவனுக்கும் துர்கானுக்கும் செய்ய முடியாது. உள்ளபடியே படித்தாள்.

டாக்டரின் பேர் வந்ததும் சைராகான் கையைத் தூக்கினாள். "பொய் சொல்றே."

"இல்லக்கா. இருக்கறதத்தான் படிக்கிறேன்."

"திரும்பப் படி."

திரும்பப் படித்தாள். கிளாவா மூக்கை உறிஞ்சினாள். சைராகான் பிறகு குறுக்கே பேசவில்லை. முதன்முதலாக, ஒரு தடவைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டாள். துர்கான் காய்ச்சல்காரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கணவாயை விட்டு இறங்கினாள். கதை முடிந்தது.

"எவ்வளவு நல்ல மாதிரி பேசினான் அவன்," என்றாள் சைராகான் கடைசியில்.

"ஆமா," என்றாள் புருல்.

"சரி. நாளைக்கு எது?"

புருல் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் இனிமே வரமாட்டேன்."

"சொன்னதைச் செஞ்சேனே. எல்லார் முன்னாடியும் சொன்னேனே."

"செஞ்சீங்க. நானும் பதினெட்டுப் பக்கம் படிச்சிட்டேன். அதுக்கு மேல நாம பேசிக்கல."

"மன்னிப்புக் கேக்கணுமா? கேக்கறேன்."

"வேணாம். கேட்டாலும் படிக்கமாட்டேன்."

"அப்ப உனக்கு என்னதான்டி வேணும்?"

புருல் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தாள். "நீங்க இப்படியே உட்கார்ந்திருக்கணும்," என்றாள். "ஒண்ணு முடிஞ்சு, இன்னொண்ணு வேணும்னு மனசு கெடந்து அடிச்சுக்கணும். கையில ஒண்ணும் இருக்கக்கூடாது. எனக்கு இருபத்திரண்டு வருஷம். உங்களுக்கு அவ்வளவு வேணாம். இருக்கறவரைக்கும் போதும்."

கிளாவா தலையைக் குனிந்துகொண்டாள். சைராகான் அவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"நீ என்னைவிட மோசமானவடி."

"இருக்கலாம்," என்றாள் புருல். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அங்கிருந்து நேரே நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஓரத்துப் பென்சில் புள்ளிகளை அழிக்க மறந்துபோனது. நான்கு புதுப் புத்தகம் எடுத்தாள். பை கனத்தது. சைராகான் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். காலடிச் சத்தம் கேட்கட்டும் என்று பனிக்கட்டியை நறநறவென்று மிதித்துப் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. யாரென்று தெரியும். முதல் வாரமெல்லாம் புருல் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தி, அது அடித்து ஓய்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பாள். அதுதான் அன்றைய நாளின் இனிப்பு அவளுக்கு. சில நாள் இருபது தடவைகூட அடிக்கும். ஒரு நாளும் எடுக்கவில்லை. கிளாவா வந்து, கிழவி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொன்னாள். நீ வேண்டுமானால் படித்துக் காட்டு என்றாள் புருல். தனக்குக் கிர்கிஸ் எழுத்து வேகமாக வராது என்றாள் கிளாவா. போய் முயற்சி செய்து பார்ப்பதாகவும் சொன்னாள். புருல் அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் ஏரியோரத்துப் பனி உடையத் தொடங்கிய ஒரு பிற்பகலில், அவள் ஒரு கடற்பயணக் கதையில் முக்கால்வாசி தூரம் வந்திருந்தாள். கப்பல் ஒரு புயலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மாலுமிகளில் ஒருவன் கொடிமரத்தில் ஏறியிருந்தான், இறங்க முடியவில்லை. தொலைபேசி அடித்தது. அது அடிப்பது அவள் காதில் எங்கேயோ தூரத்தில் விழுந்தது. இந்தப் பக்கம் முடியட்டும் என்று நினைத்தாள். பக்கம் முடிந்தது, அடுத்தது வந்தது, மாலுமியின் கை வழுக்கியது. அவன் பத்திரமாகத் தளத்துக்கு வந்து சேர்ந்த பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெளிச்சம் மங்கியிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. தொலைபேசி எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை.